199 நாள் அதிபர்: கார்ஃபீல்டைச் சுட்டவனும் கொன்றவர்களும்

பதவியில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர்கள் நான்கு பேர். லிங்கனையும் கென்னடியையும் எல்லோருக்கும் தெரியும். மற்ற இருவரில் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் யார், அவரை எதற்காகக் கொன்றார்கள், அவர் சாவால் ஏதாவது மாறியதா? இதுதான் கேள்வி.

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாறியது. அமெரிக்காவில் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறவேண்டும் என்ற சட்டம் வந்ததே அந்தச் சாவுக்குப் பிறகுதான். ஆனால் 'கொன்றார்கள்' என்ற சொல்லில் ஒரு திருத்தம் உண்டு. சுட்டவன் ஒருவன், உயிரைப் பறித்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. கழுவாத விரல்கள்தான் இருந்தன.

கார்ஃபீல்ட் 1831 நவம்பர் 19 அன்று ஒஹையோவில் ஒரு மரக்குடிசையில் பிறந்தவர். இரண்டு வயது நிறையும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா எலைசா கடன்பட்ட நிலத்தில் ஒரு பகுதியை விற்று, மிச்சத்தில் உழுது பிள்ளைகளை வளர்த்தார். பதினாறு வயதில் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பிக் கால்வாய்ப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். கரையோரமாக நடந்தபடி, படகை இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டுவதுதான் வேலை. நீச்சல் தெரியாது, பலமுறை தண்ணீரில் விழுந்து எழுந்தான். ஆறே வாரத்தில் முறைக்காய்ச்சல் வந்து வீட்டுக்கு வந்து படுத்தான். அந்தக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் கடலோடியாகப் போயிருப்பான். அதுதான் அவன் கனவு.

படுக்கையில் கிடந்தவனைப் படிக்க அனுப்பினார் அம்மா. பிறகு நடந்ததெல்லாம் வேகம். ஹைரம் என்ற ஊரிலிருந்த கல்வி நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்துகொண்டே படித்தார். அடுத்து அங்கேயே ஆசிரியர். மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரியில் 1856-ல் பட்டம் வாங்கித் திரும்பியவர், அடுத்த வருடமே, 26 வயதுக்குள், தான் தரை பெருக்கிய அதே நிறுவனத்தின் தலைவர். லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்தார். உள்நாட்டுப் போர் வந்ததும் அடிமைமுறைக்கு எதிரான பக்கத்தில் ஒரு படைப்பிரிவைத் திரட்டிக்கொண்டு போனார். கெண்டக்கியில் மிடில் க்ரீக் சண்டையில் வென்று பெயர் வாங்கினார், மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். 1863 டிசம்பரிலிருந்து பிரதிநிதிகள் சபையில் 17 வருடம்.

ஒரு சின்ன விலகல். பள்ளி வடிவியலில் பிதாகரஸ் தேற்றத்தைப் பல வழிகளில் நிரூபிப்பார்கள். அவற்றில் ஒன்று இவருடையது. ஒரே அளவான இரண்டு செங்கோண முக்கோணங்களை ஒரு சரிவகத்துக்குள் அடக்கி, பரப்பளவை இரண்டு விதமாகக் கணக்கிட்டுக் காட்டுவார். 1876-ல் ஒரு கல்வி இதழில் அது வெளிவந்தது. சக உறுப்பினர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது தோன்றியதாம். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து தேற்றம் நிரூபித்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

அப்பழுக்கற்றவர் என்று சொல்லிவிட முடியாது. க்ரெடி மொபிலியே என்ற ரயில்வே பங்கு ஊழலில் 329 டாலர் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார், ஆனாலும் எதிரிகள் '329' என்ற எண்ணை அவர் சாகும்வரை விடவில்லை.

அதிபர் பதவிக்கு அவர் ஆசைப்படவில்லை என்று எழுதினால் நம்புவது கடினம், ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1880 ஜூனில் சிகாகோவில், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, அவருடைய குடியரசுக் கட்சியின் மாநாடு. கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்தது. முன்னாள் அதிபர் கிராண்டை மூன்றாம் முறை கொண்டுவர முயன்றவர்கள் 'ஸ்டால்வார்ட்' கோஷ்டி, அவர்களுக்குத் தலைவர் நியூயார்க் செனட்டர் ராஸ்கோ காங்க்லிங். எதிர் கோஷ்டி ஜேம்ஸ் பிளேன் பக்கம். கார்ஃபீல்ட் போனது ஜான் ஷெர்மன் என்ற மூன்றாமவருக்காகப் பேச. ஓட்டெடுப்பு நடந்துகொண்டே இருந்தது, யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. 34-ஆவது சுற்றில் விஸ்கான்சின்காரர்கள் திடீரென்று 16 ஓட்டைக் கார்ஃபீல்டுக்குப் போட்டார்கள். அவர் எழுந்து, என் சம்மதமில்லாமல் எனக்கு ஓட்டுப் போடக்கூடாது என்று ஆட்சேபித்தார். தலைவர் உட்காரச் சொல்லிவிட்டார். 36-ஆவது சுற்றில் 399 ஓட்டோடு அவரே வேட்பாளர். காங்க்லிங் கோஷ்டியைச் சமாதானப்படுத்த, அந்தக் கோஷ்டியின் செஸ்டர் ஆர்தரைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார்கள். இந்த ஆர்தரை மறந்துவிடாதீர்கள்.

நவம்பர் தேர்தலில் நாடு முழுவதும் பதிவான ஓட்டில் எதிராளி ஹேன்காக்கைவிட அவர் கூடுதலாக வாங்கியது பத்தாயிரத்துக்கும் குறைவு. ஆனால் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் ஓட்டில் 214-க்கு 155 என்று வசதியாக வென்றார்.

இனி அந்தக் காலத்து அரசாங்க உத்தியோகம் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். தபால்காரர் முதல் சுங்க அதிகாரி வரை எல்லாம் ஜெயித்த கட்சியின் கையில். போரில் பிடித்த கொள்ளைப்பொருள் வென்றவனுக்கே சொந்தம் என்று செனட்டர் வில்லியம் மார்சி 1832-லேயே வெட்கமில்லாமல் சபையில் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்டவேண்டும். எல்லாவற்றிலும் கொழுத்த இடம் நியூயார்க் சுங்கச்சாவடி. நாட்டின் சுங்க வருமானத்தில் பெரும்பங்கு அங்கேதான் வசூலானது. அந்த வேலைகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுத்தான் காங்க்லிங் நியூயார்க்கை ஆண்டார். ஆர்தரே அங்கே பல வருடம் தலைமை வசூல் அதிகாரியாக இருந்து, முந்தைய அதிபர் ஹேய்ஸால் நீக்கப்பட்டவர்தான்.

1881 மார்ச் 4 அன்று கார்ஃபீல்ட் பதவியேற்றார். அன்றைய உரையில், அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் முழுக் குடிமக்களானதே 1787 அரசியல் சாசனத்துக்குப் பிறகு நாடு கண்ட மிகப் பெரிய அரசியல் மாற்றம் என்றார். அடிமையாகப் பிறந்து பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடெரிக் டக்ளஸைத் தலைநகரின் பத்திரப்பதிவு அதிகாரியாக நியமித்தார். நாட்டைப் பற்றி யோசிக்க அவருக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வெள்ளை மாளிகை வாசலில் சிபாரிசுக் கடிதத்தோடு வரிசை. யாரும் உள்ளே வரலாம், காத்திருக்கலாம், அதிபரைப் பார்த்துக் கேட்கலாம். இந்த இடத்துக்கு வர ஒரு மனிதன் ஏன்தான் ஆசைப்படுகிறானோ என்று அவர் நாட்குறிப்பில் எழுதினார்.

நியூயார்க் சுங்கச்சாவடிக்குக் காங்க்லிங்கின் எதிரி ஒருவரை, வில்லியம் ராபர்ட்சனை, நியமித்தது அவருடைய ஒரே பெரிய அரசியல் சண்டை. காங்க்லிங் கொதித்தார். தன் மதிப்பைக் காட்ட செனட் பதவியையே மே மாதம் ராஜினாமா செய்தார், மாநில சட்டமன்றம் தன்னை மறுபடி தேர்ந்தெடுக்கும் என்ற நம்பிக்கையில். அது தேர்ந்தெடுக்கவில்லை. கார்ஃபீல்ட் ஜெயித்துவிட்டார், பதவியேற்று மூன்று மாதத்துக்குள்.

அந்த வாசல் வரிசையில் நின்றவர்களில் ஒருவன் சார்லஸ் கிட்டோ. இலினாய் மாநிலத்தில் பிறந்தவன், அப்போது வயது 39. வக்கீலாக இருந்து தோற்றான், மதப் பிரசங்கியாக இருந்து தோற்றான், சொத்தையெல்லாம் பொதுவில் வைத்துக் கூடி வாழ்ந்த ஒரு மதக்குழுவில் சேர்ந்து அங்கும் யாரோடும் ஒட்டாமல் வெளியே வந்தான். விடுதிகளில் வாடகை கட்டாமல் ஓடுவது அவன் பிழைப்பு. தேர்தல் சமயத்தில் கிராண்டுக்காக ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தான். கார்ஃபீல்ட் வேட்பாளரானதும் பெயரை மாற்றி அச்சடித்தான். அந்தத் துண்டறிக்கையால்தான் கார்ஃபீல்ட் ஜெயித்தார் என்பது அவன் முடிவு. அதற்குக் கூலியாகப் பாரிஸில் தூதரகப் பதவி வேண்டும். பிரெஞ்சு மொழி தெரியாது என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கார்ஃபீல்டை நேரிலேயே ஒருமுறை பார்த்து, 'பாரிஸ்' என்று எழுதி அந்தப் பேச்சின் பிரதியைக் கையில் கொடுத்தான். தினமும் வெளியுறவுத் துறை அலுவலகத்துக்கும் நடந்தான். மே 14 அன்று, அங்கே அமைச்சராக இருந்த பிளேன் பொறுமையிழந்து, உயிரோடிருக்கும் வரை பாரிஸ் பற்றி என்னிடம் இனிப் பேசாதே என்று கத்தினார்.

சில நாளில் அவனுக்குக் கடவுளின் கட்டளை கிடைத்தது. அதிபரை அப்புறப்படுத்தினால் கட்சி ஒன்றாகும், ஸ்டால்வார்ட் ஆர்தர் அதிபராவார், நாடு பிழைக்கும். கடன் வாங்கிய பணத்தில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். தந்தப் பிடி போட்டதுதான் பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் பார்க்க அழகாக இருக்கும் என்று கடையில் நின்று யோசித்தவன் அவன். ஆற்றங்கரையில் சுட்டுப் பழகினான். பிடிபட்டால் தங்கப்போகும் சிறை எப்படி இருக்கிறது என்று பார்த்துவரவும் போனான். ஒருமுறை ரயில் நிலையத்தில் வாய்ப்புக் கிடைத்தது, ஆனால் காய்ச்சலிலிருந்து மீண்டு மெலிந்துபோயிருந்த அதிபரின் மனைவி லுக்ரீஷியா கணவர் கையைப் பிடித்து நின்றதைப் பார்த்து இரக்கப்பட்டுத் திரும்பிவிட்டான்.

கார்ஃபீல்டுக்குக் காவல் கிடையாது. லிங்கன் சுடப்பட்டு 16 வருடம் ஆகியும் கிடையாது. கொலையைத் தடுப்பது மின்னலில் சாவதைத் தடுப்பது போலத்தான், இரண்டைப் பற்றியும் கவலைப்படாமல் இருப்பதே நல்லது என்று தேர்தலில் வென்ற மாதம் ஒரு கடிதத்தில் அவர் எழுதியிருக்கிறார்.

1881 ஜூலை 2, சனிக்கிழமை காலை. தான் படித்த வில்லியம்ஸ் கல்லூரிக்குப் போக வாஷிங்டனின் பால்டிமோர்–பொடோமேக் ரயில் நிலையத்துக்குள் பிளேனோடு நுழைந்தார் கார்ஃபீல்ட். பின்னால் வந்த கிட்டோ இரண்டு முறை சுட்டான். ஒன்று கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகின் வலது பக்கம் பாய்ந்து, விலா எலும்பை உடைத்து, முதுகெலும்பைத் துளைத்து, இடது பக்கம் கணையத்துக்குப் பின்னால் போய்த் தங்கியது. தண்டுவடம் தப்பியது. பெரிய இரத்தக்குழாய் எதுவும் அறுபடவில்லை. உள்நாட்டுப் போரில் அடிபட்ட எத்தனையோ சிப்பாய்கள் அந்த நாளில் உடம்புக்குள் தோட்டாவோடு பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். இவரும் அப்படி இருந்திருக்கலாம்.

அங்கே நின்ற அமைச்சர்களில் ஒருவர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன். அப்பாவுக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான டாக்டர் பிளிஸ்ஸை உடனே ஆளனுப்பி வரவழைத்தவர் அவர்தான். இந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த முதற்பெயரே 'டாக்டர்'. டாக்டர் வில்லர்ட் பிளிஸ் என்பது பிறப்புப் பெயர், பட்டம் பிறகு வந்தது.

ரயில் நிலையத்தின் அழுக்குத் தரையிலேயே மருத்துவர்கள் காயத்துக்குள் விரலை விட்டுத் தோட்டாவைத் தேடத் தொடங்கினார்கள். பிளிஸ் வந்து உலோகக் கம்பியை விட்டார், பிறகு தன் சுண்டுவிரலை. இங்கிலாந்தில் ஜோசஃப் லிஸ்டர் கிருமிநாசினி போட்டு அறுவை செய்து காட்டி அப்போது பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1876-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கே வந்து விளக்கிவிட்டுப் போயிருந்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமியாவது ஆளைக் கொல்வதாவது என்று அமெரிக்க மூத்த மருத்துவர்களில் பலர் சிரித்தார்கள். ஆகவே பிளிஸ் ஒருவரை மட்டும் தூக்கில் போடுவது நியாயமில்லை. ஆனால் அவர் செய்த இன்னொன்று இருக்கிறது. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதிபரின் படுக்கையை அவர் தன் ராஜ்ஜியமாக்கிக்கொண்டார். யார் உள்ளே வரலாம், யார் தொடலாம் என்பதெல்லாம் அவர் முடிவு. குடும்ப மருத்துவராக இருந்த சூசன் எட்சன் என்ற பெண்மணியைத் தாதி வேலைக்கு இறக்கினார். தோட்டா வலது பக்கம், கல்லீரல் அருகே இருக்கிறது என்று முதலிலேயே தீர்மானித்து அறிவித்துவிட்டார். அறிவித்ததை மாற்றுவது கௌரவக் குறைச்சல். தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உலோகம் இருக்கும் இடத்தைக் காதால் கேட்டுக் கண்டறியும் கருவி ஒன்றை இரவுபகலாக உருவாக்கிக் கொண்டுவந்தார். உடம்பில் பழைய தோட்டாவோடு இருந்த முன்னாள் சிப்பாய்களிடம் சோதித்தார், வேலை செய்தது. அதிபரிடம் ஜூலை 26-லும் ஆகஸ்ட் 1-லும் முயன்றபோது தெளிவான ஒலி வரவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் ஒரு காரணம். தேட அனுமதி வலது பக்கம் மட்டும் என்பது பெரிய காரணம். தோட்டா இருந்ததோ இடது பக்கம்.

வாஷிங்டன் கோடை கொடுமையானது. கடற்படைப் பொறியாளர்கள் பனிக்கட்டி நீரில் நனைந்த துணிகள் வழியே விசிறியால் காற்றைச் செலுத்தி, நோயாளி அறையின் வெப்பத்தை வெளியைவிட ஏறக்குறைய 11 டிகிரி செல்சியஸ் குறைத்தார்கள். இன்றைய ஏசிக்கு ஒரு பாட்டன் என்று சொல்லலாம். உணவு தங்கவில்லை என்று மாட்டிறைச்சிச் சாறும் சாராயமும் ஆசனவாய் வழியே ஏற்றினார்கள். 95 கிலோ இருந்த மனிதர் 60-க்கும் கீழே வந்தார். உடம்பெங்கும் சீழ்க்கட்டி. நாளுக்கு மூன்று முறை வெளியான மருத்துவ அறிக்கையில் மட்டும் அதிபர் தேறிக்கொண்டே இருந்தார்.

கடலைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டார். செப்டம்பர் 6 அன்று நியூ ஜெர்சியின் எல்பரானுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். ரயில் பாதையிலிருந்து அந்தக் கடற்கரை வீட்டு வாசல் வரை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் விடிய விடியத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கடைசி மேட்டில் எஞ்சின் ஏறவில்லை. கூடி நின்றவர்கள் பெட்டியைக் கையாலேயே தள்ளிக் கொண்டுபோய் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். செப்டம்பர் 19 இரவு அவர் இறந்தார். சுடப்பட்டு 79 நாள். வயது 49.

பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. தோட்டாவைச் சுற்றி உடம்பு தானே ஒரு உறை கட்டி அதை அடக்கி வைத்திருந்தது. டாக்டர்கள் தேடித் தேடி வலது பக்கம் புதிதாக ஒரு நீண்ட சீழ்ப்பாதையையே தோண்டியிருந்தார்கள். விசாரணையில் கிட்டோ இதைப் பிடித்துக்கொண்டான். டாக்டர்கள்தான் கொன்றார்கள், நான் சுட்டேன், அவ்வளவுதான் என்று வாதிட்டான். பைத்தியக்காரன் வாயிலிருந்தும் உண்மை வரும். ஆனால் சட்டம் அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. புத்தி பேதலித்தவன் என்று அவன் தரப்பு வாதிட்டதையும் ஜூரி ஏற்கவில்லை. 1882 ஜூன் 30 அன்று, தானே எழுதிய ஒரு பாட்டைக் கழுமேடையில் படித்துவிட்டுத் தூக்கில் தொங்கினான். பிளிஸ் 25,000 டாலர் கேட்டார். 6,500 தருகிறோம் என்றது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். கோபித்துக்கொண்டு வாங்க மறுத்தார்.

சரி, அந்தச் சாவு விட்டுச்சென்றது என்ன? வேலை கிடைக்காத ஏமாற்றத்தில் அதிபரையே சுட்டுவிட்டான், இந்தச் சிபாரிசு முறைதான் கொலைகாரன் என்று சீர்திருத்தக்காரர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். என் கணக்கில் அது பாதி உண்மை. கிட்டோவுக்கு மனநோய் முற்றியிருந்தது; பரீட்சை வைத்திருந்தாலும் அவனுக்கு வேறொரு கட்டளை வந்திருக்கும். ஆனால் அரசியலில் பாதி உண்மைக்கு முழு உண்மையைவிடக் கால் பலம் அதிகம். 1882 தேர்தலில் குடியரசுக் கட்சி அடிவாங்கியது. பயந்துபோன காங்கிரஸ், ஒஹையோ செனட்டர் ஜார்ஜ் பெண்டில்டன் கொண்டுவந்த சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. 1883 ஜனவரி 16 அன்று அதில் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? செஸ்டர் ஆர்தர். சுங்கச்சாவடி வேலைகளைப் பங்கு போட்டு வளர்ந்த அதே ஆர்தர். ஆர்தர்தான் இனி அதிபர் என்று கொலைகாரன் கூவியதால் நாடே அவரைச் சந்தேகத்தோடு பார்த்த நேரம். பழைய எஜமான் காங்க்லிங்குக்கு அவர் வளைந்து கொடுக்கவில்லை.

பெண்டில்டன் சட்டம் முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் பரீட்சை வைத்தது. அரசியல் காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்கக்கூடாது, சம்பளத்தில் கட்சிக்குப் பங்கு கேட்கக்கூடாது என்றது. பட்டியலை விரிவாக்கும் அதிகாரம் அதிபரிடம். இதில் ஒரு வேடிக்கை: பதவி இழக்கும் ஒவ்வொரு அதிபரும் தான் நியமித்த ஆட்களை அடுத்த கட்சி துரத்திவிடக்கூடாதே என்று அந்த இடங்களைச் சட்டத்துக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள். சுயநலமே சீர்திருத்தத்தை வளர்த்தது.

சட்டத்தை வரைந்த டோர்மன் ஈட்டன், அதற்குமுன் பிரிட்டனின் முறையை ஆராய்ந்து 1880-ல் ஒரு நூலே எழுதியவர். பிரிட்டனில் போட்டித் தேர்வைப் பரிந்துரைத்தது 1854-ன் நார்த்கோட்–ட்ரெவெலியன் அறிக்கை. அந்த ட்ரெவெலியன் 1859-ல் சென்னைக்கு ஆளுநராக வந்து, வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் அடுத்த வருடமே திருப்பி அழைக்கப்பட்டவர். பிரிட்டனுக்கும் முன்னோடி இந்திய சிவில் சர்வீஸ்தான், அதற்கு 1855-லேயே போட்டித் தேர்வு தொடங்கிவிட்டது. லண்டனில் நடந்த அந்தத் தேர்வை எழுத நம்மவர்களில் எத்தனை பேருக்குக் கப்பல் செலவு கட்டுப்படியாகும் என்பது வேறு கதை.

சட்டத்தில் விட்டுப்போனவையும் உண்டு. அந்த 79 நாளும் நாட்டுக்கு அதிபர் இருந்தும் இல்லை. படுக்கையிலிருந்து அவர் கையெழுத்திட்ட அரசு ஆவணம் ஒன்றே ஒன்று. செயலிழந்த அதிபரின் பொறுப்பைத் துணை அதிபர் எப்படி ஏற்பது என்று சாசனத்தில் தெளிவில்லை. ஆர்தர் ஏற்கத் தயங்கினார், பதவி பறிக்கிறார் என்ற பெயர் வரும் என்று. 1967-ல் வந்த 25-ஆவது திருத்தம்தான் அதைத் தீர்த்தது. அதிபருக்கு நிரந்தரக் காவல் போடவோ இன்னொரு சாவு வேண்டியிருந்தது: 1901-ல் அதிபர் மெக்கின்லி பஃபலோ நகரில் ஒரு கண்காட்சியில் சுடப்பட்டபோது. அன்றும் அந்தக் கண்காட்சிக்கு வந்திருந்தார் ராபர்ட் லிங்கன்.

ரயில் நிலையம் இன்று இல்லை, அந்த இடத்தில் தேசிய ஓவியக்கூடம் நிற்கிறது. கிட்டோ ஆசைப்பட்டபடி துப்பாக்கி உண்மையிலேயே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது, பிறகு எங்கோ தொலைந்துவிட்டது. தொலையாமல் இருப்பவை வேறு. மேரிலாந்தில் உள்ள ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தில் கார்ஃபீல்டின் முதுகெலும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. தோட்டா போன வழியைக் காட்ட அதன் குறுக்கே ஒரு சிவப்புக் குச்சி செருகியிருக்கிறார்கள், வலமிருந்து இடமாக. கிட்டோவின் எலும்புகளும் அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கின்றன.